இருட்டின் இளவரசன் மீது ஒரு வழக்கு

ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுத ஒரு தருமபுரிக்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் பெங்களூர் - சேலம் நெடுஞ்சாலையில் லாரிதான் ராஜா. நான் படிப்பதோ பி.காம். ஆனால் இந்தக் கட்டுரை காரின் வேகத்தைப் பற்றியது அல்ல. அது நடுவழியில் லைட் அணைந்து நின்றுபோவதைப் பற்றியது. அதைப் பேச எல்லோருக்கும் தகுதி உண்டு :-)

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் மத்தியில் ஒரு பட்டப்பெயர் ரொம்பப் பிரபலம்: "இருட்டின் இளவரசன்". அந்தக் கார்களுக்கு டைனமோ, ஸ்டார்ட்டர், விளக்கு, சுவிட்ச் எல்லாம் செய்து கொடுத்த லூகாஸ் கம்பெனிக்குத்தான் இந்தப் பட்டம். லூகாஸ் சுவிட்சுக்கு மூன்று நிலை உண்டாம்: மங்கல், மினுக்கல், அணைதல். ஆங்கிலேயர் ஏன் பீரைச் சூடாகக் குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜையும் லூகாஸ்தான் செய்ததாம்! இப்படி நிறைய ஜோக்குகள்.

ஜோக் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நியாயமா? சென்னைக்குப் பக்கத்திலேயே இந்தக் குடும்பத்துக் கார் ஒன்று தயாரானது, லூகாஸ் பெயரில் ஒரு தொழிற்சாலையும் இருக்கிறது. அதனால் இந்த வழக்கை நாமே விசாரிக்கலாம். விசாரித்தால் ஒரு பழைய காரில் கோளாறு எங்கே ஒளிந்திருக்கும், அதை எப்படிப் பிடிப்பது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

ராஜாவாக இருந்தவர் இளவரசன் ஆன கதை

ஜோசப் லூகாஸ் பர்மிங்காம்காரர். 1860-களில் தெருத்தெருவாக மண்ணெண்ணெய் விற்றுப் பிழைப்பைத் தொடங்கியவர். பிறகு விளக்கு செய்ய ஆரம்பித்தார். பெரிய முன்சக்கரம் வைத்த அந்தக் காலத்துச் சைக்கிள்களுக்கு அவர் செய்த எண்ணெய் விளக்கின் பெயர் "கிங் ஆஃப் தி ரோட்", அதாவது சாலையின் ராஜா. பிற்காலத்தில் இருட்டின் இளவரசன் என்று கேலி செய்யப்பட்ட கம்பெனி வெளிச்சத்தின் ராஜாவாகத்தான் தொழிலைத் தொடங்கியது.

அடுத்து வந்தது கார். 1912-ம் வருட மாடல் கெடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலை போயிற்று. அதுவரை காரில் மின்சாரத்துக்கு இருந்த வேலை சின்னது. இப்போது பேட்டரி, அதை சார்ஜ் செய்ய டைனமோ, விளக்கு, ஹாரன் என்று ஒரு குடும்பமே வந்து சேர்ந்தது. லூகாஸ் 1914-ல் மோரிஸ் கார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. 1920-களில் ரோட்டாக்ஸ், சி.ஏ.வி. என்ற போட்டிக் கம்பெனிகளையும் வாங்கிப் போட்டது. அதற்குப் பிறகு பிரிட்டனில் எந்தக் காரைத் திறந்தாலும் உள்ளே லூகாஸ் பெயர் இருக்கும் என்ற நிலை. இந்த ஆதிக்கத்தை அரசாங்கமே கவனித்தது. வாகன மின்சாதனங்களின் விற்பனையைப் பற்றி பிரிட்டனின் ஏகபோகக் கமிஷன் 1963-ல் ஒரு அறிக்கையே வெளியிட்டது.

காமர்ஸ் மாணவன் என்ற முறையில் இங்கே ஒரு குறிப்பு. ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் ஒரே கம்பெனியின் பெயர் இருந்தால், எல்லாக் கார்களின் கோளாறும் அந்த ஒரு பெயரில்தான் வரவு வைக்கப்படும். பத்துக் கம்பெனிகள் பிரித்துச் செய்திருந்தால் திட்டும் பத்தாகப் பிரிந்திருக்கும். லூகாஸ் வாங்கிய கெட்ட பெயரில் ஒரு பகுதி ஏகபோகத்துக்குக் கொடுத்த விலை.

சென்னையில் இருந்த அண்ணன்

1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்ட் என்ற சின்னக் கார் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கலோட்டி. அந்தக் காலத்தில் பல கார்கள் தனி சேஸிஸ் இல்லாத உடலுக்கு மாறிவிட்டிருந்தன. ஹெரால்ட் மட்டும் லாரி போலத் தனி சேஸிஸ் மேல் உடலை போல்ட் போட்டுப் பொருத்திய கார். இதில் ஒரு வசதி. சேஸிஸை அப்படியே வைத்துக்கொண்டு மேலே வேறு உடலை ஏற்றலாம்.

அப்படித்தான் நடந்தது. அதே சேஸிஸைச் சுருக்கி மாற்றி மிக்கலோட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியைச் செய்தார். பணமில்லாமல் அது தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-ல் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனி லேலண்ட் கைக்குப் போனபோது புது நிர்வாகத்தின் கண்ணில் பட்டு, 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்று வெளியானது. 1980 வரை ஓடியது. உலகம் முழுக்க இன்றைக்கும் வீட்டு ஷெட்டில் வைத்துப் பிரித்துப் பார்க்கப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

நம் ஊர் கதைக்கு வருவோம். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1948-ல் தொடங்கப்பட்டது. வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் அதன் தொழிற்சாலை. அங்கே 1961-ல் இருந்து தயாரான கார்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்ட். அதாவது ஸ்பிட்ஃபயருக்கு சொந்த அண்ணன்! 948 சி.சி. எஞ்சின். இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை நம்மவர்கள் இங்கே செய்தார்கள். அதற்குப் பின் 1970-களில் கெஸல் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்து, விற்காமல், சில வருடங்களிலேயே உற்பத்தி நின்றுபோனது. அதோடு கதை முடிந்தது.

வெளிநாட்டுக் கார்களுக்கு வரியும் தடையும் இருந்த அந்த நாளில் ஒரு இந்திய இளைஞனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்பது கைக்கு எட்டாத கனவு. அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது ஹெரால்ட். சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அது ஓடியிருக்கிறது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும் முன்னே நம் பக்கத்துப் பந்தயத்துக்குச் சோழவரம்தான் தலைநகரம்.

இன்னொரு பக்கம் 1961-ல் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனியைத் தொடங்கின. சென்னை பாடியில் தொழிற்சாலை. பாடி பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு "லூகாஸ்" என்பது ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர்! அங்கிருந்து போன டைனமோக்களும் ஸ்டார்ட்டர்களும் இந்தியா முழுக்கக் கார், லாரி, டிராக்டர் என்று ஓடின. இளவரசன் ஜோக்கை நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கரண்ட் திரும்பி வரும் வழி

இப்போது விசாரணையின் முக்கியக் கட்டம்.

வீட்டில் ஒரு பல்பு எரிய இரண்டு வயர் வேண்டும். போக ஒன்று, வர ஒன்று. காரில் ஒரு வயர்தான். பேட்டரியில் இருந்து சுவிட்ச் வழியாக பல்புக்கு வயர் போகும். திரும்பி வரும் வழி காரின் இரும்பு உடல். அதைத்தான் மெக்கானிக்குகள் "பாடி எர்த்" என்கிறார்கள். செம்பு மிச்சம், செலவு மிச்சம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. வயருக்கு மேலே ரப்பரோ பி.வி.சி.யோ பாதுகாப்பு உண்டு. திரும்பி வரும் வழியில் இருப்பதோ ஒரு ஸ்குரூ, ஒரு வாஷர், அடியில் கொஞ்சம் பெயிண்ட், 50 வருடத்துத் துரு.

எங்கள் முதல் வருட அக்கவுண்டன்சி புத்தகத்தில் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறை. 1494-ல் வெனிஸில் அதை அச்சில் விளக்கியவர் பெயர் லூக்கா பாசியோலி (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!). ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. மின்சுற்றும் அதேதான். போன கரண்ட் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். பழைய காரில் கோளாறு தேடுபவர்கள் செய்யும் தப்பு என்னவென்றால், பற்றுப் பக்கத்தை மட்டும் பார்ப்பது. பல்பு எரியவில்லையா? பல்பை மாற்று, சுவிட்சை மாற்று, வயரை மாற்று. வரவுப் பக்கத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. டிரையல் பேலன்ஸ் எப்படி ஒத்துவரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 8 ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொதுவான எர்த் ஸ்குரூ துருப்பிடித்து வெறும் 0.1 ஓம் தடை ஏற்பட்டிருக்கிறது. ஓம் விதிப்படி 0.8 வோல்ட் அங்கேயே காலி. 12-ல் 0.8 போனால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். 7 சதவீதம் வோல்டேஜ் போனால் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இதில் லூகாஸ் செய்த பல்புக்கும் சுவிட்சுக்கும் ஒரு குற்றமும் இல்லை.

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் இது இன்னும் சிக்கல். இரண்டிலும் மட்கார்டு, முன்முகம் எல்லாம் சேர்த்து பானெட் முழுவதும் ஒரே துண்டாக முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினில் வேலை செய்ய அவ்வளவு வசதி! ஆனால் ஹெட்லைட்டுகள் அந்த பானெட்டில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அந்த வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளியே உறை நன்றாகத்தான் தெரியும்.

அறிகுறியை வைத்து ஆளைப் பிடிப்பது

பழைய காரின் கோளாறு பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் பேய்க்கும் ஒரு இலக்கணம் உண்டு. சில உதாரணங்கள்:

இண்டிகேட்டர் போட்டால் பின்னால் சிவப்பு விளக்கும் சேர்ந்து கண்ணடிக்கிறது. பிரேக் அழுத்தினால் வேறு விளக்கு மங்கலாக எரிகிறது. அந்த விளக்குப் பெட்டிக்கு எர்த் இல்லை என்று அர்த்தம். நேர் வழி அடைத்ததும் கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பப் பார்க்கிறது. அவ்வளவுதான்.

செல்ஃப் அடித்தால் எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறது, சோக் கேபிள் சுடுகிறது, சில சமயம் புகைகிறது. எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் உடலுக்கும் இடையே பின்னல் பட்டை ஒன்று எர்த்துக்காகப் போட்டிருப்பார்கள். எஞ்சினை இறக்கி ஏற்றியபோது யாரோ அதை மாட்ட மறந்திருப்பார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் 100 ஆம்பியருக்கு மேலான கரண்ட், போக வேறு வழியின்றி அந்த மெல்லிய சோக் கேபிள் வழியாகப் போகிறது. ஸ்டார்ட்டரைக் கழற்றி ரீவைண்டிங் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்தால் பணம் மிச்சம்.

பெட்ரோல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் ஒரே சமயத்தில் அதிகமாகக் காட்டுகின்றன. டேங்க் நிரம்பி எஞ்சினும் கொதிப்பது தற்செயலாக நடக்காது. 1960-களின் நடுவில் இருந்து வந்த பல பிரிட்டிஷ் கார்களில் இந்த இரண்டு மீட்டருக்கும் சேர்த்து சராசரி 10 வோல்ட் தரும் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அதன் எர்த் விட்டுப்போனால் முழு 12 வோல்ட்டும் மீட்டருக்குப் போய்விடும். இரண்டு சாட்சிகள் ஒரே பொய்யைச் சொன்னால் சொல்லிக்கொடுத்தவன் ஒருவன்தான்.

20 நிமிடம் ஓடியபின் எஞ்சின் நிற்கிறது, ஆறியபின் கிளம்புகிறது. எல்லோரும் பெட்ரோல் மேல் சந்தேகப்படுவார்கள். நின்ற அந்த நிமிடத்திலேயே ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் சூட்டில் சோர்ந்துபோகும் கண்டென்சர் அல்லது காயில். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளியும் பார்க்க வேண்டும். லூகாஸ் 25டி வகைக்கு அது 0.015 அங்குலம்.

எர்த் மாறிய வருடங்கள்

வரலாறு தெரியாமல் பழைய காரில் கை வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1930-களில் இருந்து பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை உடலோடு இணைத்தார்கள். பேட்டரி முனை அரிப்பு குறையும், ஸ்பார்க் நன்றாக வரும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1960-களில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்தது, டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. உலகத்தோடு ஒத்துப்போக பிரிட்டனும் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. ஆனால் எல்லாக் கார்களும் ஒரே நாளில் மாறவில்லை. 1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப் 1964-ல் 4.2 லிட்டர் எஞ்சின் வந்தபோது மாறியது. எம்.ஜி.பி. 1967-ல் மாறியது. ஸ்பிட்ஃபயர் அதே 1967-ல் மார்க் 3 வந்தபோது மாறியது.

ஆகவே 1965 ஸ்பிட்ஃபயரில் இன்றைய பழக்கப்படி நெகட்டிவை உடலில் மாட்டினால் என்ன ஆகும்? விளக்கு எரியும், ஸ்டார்ட்டரும் சுற்றும். எல்லாம் சரி என்று நினைப்போம். ஆனால் டைனமோவின் காந்தத் திசை பழையபடியே இருப்பதால் சார்ஜிங் குழம்பும். காயில் தலைகீழாக வேலை செய்து ஸ்பார்க் பலவீனமாகும். பழைய ரேடியோ இருந்தால் அதற்குக் கும்பிடு. நெகட்டிவ் எர்த் காரில் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். அதனால் பேட்டரியைத் தொடும் முன் இந்தக் கார் எந்த வருடத்தது, நடுவில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

டைனமோ கார்களில் இன்னொரு விஷயம். லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவது 22 ஆம்பியர். ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சிக்னலில் நிற்கும்போது சார்ஜ் விளக்கு லேசாகச் சிவப்பது கோளாறு இல்லை, அந்தக் காலத்தின் சுபாவம். அதே லூகாஸின் 11ஏ.சி. ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியருக்கு மேல் தந்தது. சரியாக வேலை செய்யும் டைனமோவை "செத்துப்போச்சு" என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

ஃப்யூஸிலும் இதே கதை. முதலில் வந்த எம்.ஜி.பி.யில் வேலையில் இருந்த ஃப்யூஸ் இரண்டே இரண்டு. அதில் 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். பிரிட்டிஷ் முறையில் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய முறையில் 35 என்று எழுதியதோ தொடர்ந்து 35-க்கு அருகே தாங்கும். ஒரே எண், இரண்டு அர்த்தம். கடையில் "35 கொடுங்க" என்று வாங்கிப் போட்டால் ஃப்யூஸுக்குப் பதில் வயர் உருகும். பழைய கார்கள் தீப்பிடித்துப் போவதற்கு இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள் போதும்.

வண்ணங்களில் எழுதிய வரைபடம்

லூகாஸுக்கு ஆதரவாக ஒரு வலுவான சாட்சி இருக்கிறது. அது அவர்களின் வயர் நிறங்கள்.

பிரவுன் என்றால் பேட்டரியில் இருந்து நேராக வருவது, சாவி இல்லாமலும் உயிருள்ளது. வெள்ளை என்றால் சாவி போட்டபின் வருவது. பச்சை அதே சாவி கரண்ட், ஆனால் ஃப்யூஸ் தாண்டியது. ஊதா என்றால் ஃப்யூஸ் தாண்டிய, எப்போதும் உயிருள்ள வயர். நீலம் ஹெட்லைட். சிவப்பு சின்ன விளக்குகள். கறுப்பு எர்த். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. வெள்ளையில் கறுப்புக் கோடு காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு.

ட்ரையம்ப், எம்.ஜி., ஜாகுவார் எல்லாவற்றிலும் இதே மொழிதான். ஒரு காரில் கற்றால் அடுத்த காரைப் படிக்கலாம். இருட்டில் தள்ள நினைப்பவன் இவ்வளவு ஒழுங்காக வழிகாட்டிப் பலகை வைப்பானா? இந்த மொழியை அழித்தது யார்? பின்னால் வந்த உரிமையாளர்கள். ரேடியோவுக்கு ஒரு வயர், ஃபாக் லேம்ப்புக்கு ஒரு வயர், அலாரத்துக்கு ஒரு வயர், எல்லாம் கையில் கிடைத்த சிவப்பு வயரில், இன்சுலேஷன் டேப் சுற்றி! மூன்று பேர் கைமாறிய காரில் முதல் வேலை லூகாஸ் போடாத வயரைக் கண்டுபிடிப்பதுதான்.

எப்படித் தேடுவது?

1960-களின் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் கிடையாது. ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு வோல்ட்மீட்டர், ஒரு துண்டு வயர். இன்றைக்கும் இந்தக் கார்களுக்கு அது போதும்.

முதலில் பேட்டரி. நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12-க்கும் கீழே இருந்தால் மற்றதைச் சோதிப்பதே வீண். எதையாவது கழற்றுவதாக இருந்தால் பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். பிரவுன் வயருக்கு ஃப்யூஸ் இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

அடுத்து நடுவில் இருந்து தேடுங்கள். ஹெட்லைட் எரியவில்லை என்றால் பல்பிலும் ஆரம்பிக்க வேண்டாம், பேட்டரியிலும் ஆரம்பிக்க வேண்டாம். நடுவில் உள்ள ஒரு கனெக்டரில் கரண்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் பாதிக் கார் நிரபராதி. மீதிப் பாதியில் மறுபடி நடு. நான்கு சோதனையில் ஆள் அகப்படுவான்.

மூன்றாவது, வேலை செய்யும்போது அளப்பது. 28 இழை வயரில் 26 அறுந்து 2 மட்டும் மிச்சம் என்றாலும் மல்டிமீட்டர் "கண்டினியூட்டி இருக்கு" என்று பீப் அடிக்கும். சுமை ஏறும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். அதனால் விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை விளக்கின் உடலிலும் வையுங்கள். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வரவுப் பக்கத்தில்தான் ஓட்டை. ஸ்குரூவைக் கழற்றி, உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி மாட்டி, கொஞ்சம் வேசலின் தடவினால் முடிந்தது. செலவு பத்து ரூபாய்!

நின்றிருந்தே பேட்டரி இறங்குகிறதா? பேட்டரி முனையைக் கழற்றி, இடையில் 12 வோல்ட் டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். எல்லாம் அணைத்த பின்னும் அது எரிந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது. ஒவ்வொரு ஃப்யூஸாக, ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது லேம்ப் அணைகிறதோ அங்கேதான் திருடன். (லேம்ப் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கக்கூடாது.)

இதையெல்லாம் நம் நெடுஞ்சாலை ஓரத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் படித்துக் கற்றவர்கள் இல்லை. லாரிக்கு 24 வோல்ட், காருக்கு 12 வோல்ட், பாடம் ஒன்றுதான். 1980-ல் ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தபோது அது தருமபுரி மாவட்டம்தான் (கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-ல்). அந்த லேலண்டின் வேர் 1948-ல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ். இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயரைத் துணிக்கு அடியில் இருந்து எடுத்த லேலண்டும் 1955-ல் இங்கே கூட்டுச் சேர்ந்த லேலண்டும் ஒன்றேதான். நம் சாலையோரக் கடைக்கும் அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

தீர்ப்பு

லூகாஸ் முழு நிரபராதி என்று நான் சொல்லவில்லை. சின்ன டைனமோ, குறைவான ஃப்யூஸ், ஈரம் புகும் கனெக்டர்கள் எல்லாம் உண்மை. ஆனால் எத்தனை ஃப்யூஸ் வைப்பது, எவ்வளவு செலவு செய்வது என்று முடிவு செய்ததில் கார் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. கூரையைத் திறந்து மழையில் நிறுத்தியவர்கள், குளிர்நாட்டுச் சாலை உப்பில் ஓட்டியவர்கள், டேப் சுற்றியவர்கள் எல்லோரும் கூட்டாளிகள். கடைசியில் காலம். பத்து வருடத்துக்குச் செய்த பொருளை ஐம்பது வருடம் கழித்துக் குறை சொல்வது என்ன நியாயம்?

லூகாஸ் கம்பெனியே இன்று அந்த உருவில் இல்லை. 1996-ல் வாரிட்டியோடு இணைந்தது, 1999-ல் டி.ஆர்.டபிள்யூ. வாங்கிக்கொண்டது. பெருங்களத்தூர் பக்கத்து ஸ்டாண்டர்டு தொழிற்சாலையும் போய்விட்டது. மிச்சம் இருப்பவை கார்கள்தான். இங்கொன்றும் அங்கொன்றுமாக ஷெட்டுகளில் ஹெரால்டுகள் இருக்கின்றன. "வயரிங் போச்சு, இனி சரிப்படாது" என்று சொல்லித்தான் பல கார்கள் இரும்புக் கடைக்குப் போகின்றன. அந்தத் தீர்ப்பை எழுதும் முன் யாராவது ஒரு எர்த் ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

உங்கள் தாத்தா வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ ஒரு பழைய ஹெரால்ட் தூங்கிக்கொண்டிருந்தால், உப்புத்தாளோடு போய்ப் பாருங்கள். விளக்கு எரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். அடுத்து வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.